வீட்டு மருத்துவச் சேவைத் தளத்தைப் புதுப்பித்தல்: டிஸ்சார்ஜ் நாளில் தேடி வருபவருக்காக

"நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ்" என்று வார்டில் சொன்ன பிறகுதான் பல குடும்பங்கள் வீட்டுப் பராமரிப்பைத் தேடத் தொடங்குகின்றன. தேடுபவர் பெரும்பாலும் நோயாளி இல்லை. மகள், மகன், மருமகள், சில சமயம் வெளியூரில் இருக்கும் பேரன். கையில் மொபைல், அதில் பாதி சார்ஜ், எதிரே பில்லிங் வரிசை. அவருக்கு அப்போது வேண்டியவை நான்கே விடைகள்: எங்கள் பகுதிக்கு வருவீர்களா, நாளைக்கே ஆள் கிடைக்குமா, வருபவருக்கு இந்த வேலை தெரியுமா, கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள். பழைய தளங்கள் பலவற்றின் முகப்பில் இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட விடை இருக்காது. மாறி மாறி ஓடும் ஐந்து படங்கள் இருக்கும், "அன்பும் அக்கறையும்" என்ற வரி இருக்கும், நிறுவனரின் செய்தி இருக்கும்.

இந்த வகைத் தளங்களைத் திருத்தி அமைக்கும்போது கடைப்பிடிக்கும் முறையையும், வேலை எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்பதையும் இங்கே எழுதுகிறோம். தளத்தில் இடம்பெறும் ஒவ்வொரு வரியும், அழைப்பை எடுக்கும் ஒருங்கிணைப்பாளரால் அன்றைக்கே காப்பாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் வடிவமைப்பில் எழும் சச்சரவுகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

புதுத் தளம் என்று முடிவானதும் நிர்வாகம் பேச நினைப்பது நிறம், லோகோ, முகப்புப் படம். அந்தப் பேச்சை இரண்டு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, அழைப்புகளை எடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டுப் பிரித்த நான்கு பத்திகள் போதும்: அழைத்தவர் கேட்ட முதல் கேள்வி, அவர் யாருக்காகக் கேட்கிறார், எத்தனை மணிக்கு அழைத்தார், அழைப்பு எப்படி முடிந்தது. பெயர், எண், நோயாளியின் விவரம் எதையும் எழுத வேண்டாம். முதல் கேள்வியை மட்டும் அவர் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே எழுத வேண்டும். ஐம்பது அழைப்புகள் ஆகும்போது, வருகிற கேள்விகளெல்லாம் முன்பே எழுதியவையாகத் தோன்றத் தொடங்கும். அங்கே நிறுத்தலாம்.

"அம்மாவால எழுந்து பாத்ரூம் போக முடியல, ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆள் கிடைப்பாங்களா?" என்று ஒருவர் கேட்கிறார். அதே சேவைக்குத் தளத்தில் உள்ள தலைப்பு "விரிவான முதியோர் நலத் தீர்வுகள்". இந்த இரண்டும் ஒன்றுதான் என்று அழைத்தவருக்கு எப்படித் தெரியும்? "இரவு நேரப் பராமரிப்பாளர்" என்று தலைப்பிட்டு, முதல் பத்தியிலேயே இரவு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கழிவறைக்கு அழைத்துச் செல்வது அதில் அடங்குமா, அவர் இரவு முழுக்க விழித்திருப்பாரா, இல்லை அருகில் படுத்திருந்து கூப்பிட்டால் எழுவாரா என்று எழுதினால் அந்தப் பக்கம் வேலை செய்யும். விழித்திருப்பது, படுத்திருப்பது என்ற இந்த ஒரு வேறுபாட்டை எழுதாமல் விட்டதால் முதல் இரவிலேயே சண்டை வந்த வீடுகள் உண்டு.

நோட்டின் நான்காவது பத்தியை, அதாவது அழைப்பு எப்படி முடிந்தது என்பதைக் கவனமாகப் படியுங்கள். "நாங்கள் அந்தப் பகுதிக்கு வருவதில்லை" என்று முடிந்த அழைப்புகள் நிறைய இருந்தால், சேவைப் பகுதி முகப்பின் மேல்பகுதிக்கு ஏற வேண்டும். அதையும் வரைபடப் படமாகப் போடாதீர்கள். படத்திலுள்ள ஊர்ப்பெயரைத் திரைவாசிப்பான் (பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) படிக்காது, தேடுபொறி சரியாக எடுக்காது, சின்னத் திரையில் எழுத்தும் தெரியாது. பகுதிப் பெயர்களும் அஞ்சல் குறியீடுகளும் சாதாரண எழுத்தில் இருக்கட்டும்; குறியீட்டைத் தட்டினால் ஆம், இல்லை என்று சொல்லும் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஒரே பக்கத்தை நாற்பது பகுதிகளுக்கு ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி நகலெடுக்கும் பழக்கம் இந்தத் துறையில் பரவலாக இருக்கிறது. கூகுளின் ஸ்பேம் விதிகள் இதை வாசல் பக்கம் என்று வகைப்படுத்துகின்றன. அந்தப் பகுதிக்கென்று சொல்ல உண்மையிலேயே ஏதாவது இருந்தால் மட்டும் தனிப் பக்கம் போடுங்கள்.

நோட்டில் இன்னொன்றும் தெரியவரும். அழைப்பவர்கள் எல்லோரும் புதிய குடும்பங்கள் இல்லை. வேலை கேட்கும் நர்ஸ்களும் பராமரிப்பாளர்களும் இருப்பார்கள். ஏற்கெனவே சேவை பெறும் வீடுகளிலிருந்து "இன்னைக்கு ஆள் வரலையே" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் மேசையிலிருந்து பேசுபவர்களும் இருப்பார்கள். நால்வருக்கும் நான்கு வழி வேண்டும். மேல் மெனுவில் "வேலைவாய்ப்பு" கண்ணில் படும்படி இல்லாவிட்டால் வேலை விண்ணப்பங்கள் எல்லாம் குடும்பங்களுக்கான விசாரணைப் படிவத்தில் வந்து விழும். அந்தக் குவியலில் நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகிறவரின் விசாரணை புதைந்துபோகும்.

பராமரிப்பும் நர்சிங்கும் ஒன்றில்லை

உள்ளடக்கத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, உடை மாற்றுவது, நடக்கும்போது தாங்கிப் பிடிப்பது, பேச்சுத் துணையாக இருப்பது ஒரு வகை. ஊசி, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்குக் குழாய் வழியாக உணவு, ட்ரக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளை) உள்ளவருக்குச் சளி உறிஞ்சுவது வேறு வகை. முதல் வகைக்குப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் போதும். இரண்டாவது வகைக்குப் பதிவு பெற்ற செவிலியர் தேவைப்படலாம், மருத்துவரின் எழுத்துக் குறிப்பும் தேவைப்படலாம். குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

எனவே ஒவ்வொரு சேவைப் பக்கத்திலும் "இவர் செய்வார்", "இவர் செய்யமாட்டார்" என்று இரண்டு சிறு பகுதிகள் கட்டாயம். இரண்டாவதை எழுத நிர்வாகம் தயங்கும். வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம். அதை எழுதாமல் விட்டால், பராமரிப்பாளரிடம் இன்சுலின் ஊசியை நீட்டும் நிலைமை படுக்கை அருகிலேயே வரும். அவர் மறுத்தால் குடும்பம் கோபப்படும், மறுக்காவிட்டால் நோயாளிக்கு ஆபத்து. யாருக்கு எது அனுமதி என்ற சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே வேறொரு தளத்திலிருந்து பட்டியலை எடுத்து ஒட்டக்கூடாது. நர்சிங் மேற்பார்வையாளர் வரி வரியாகப் படித்து ஒப்புதல் தந்த நகலைத் தேதியுடன் வைத்திருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதையே திரும்பக் காட்டுங்கள்.

"24 மணி நேர சேவை" என்ற சொல்லைத் தனியாகப் பிடித்து விசாரிக்க வேண்டும். அதற்கு மூன்று பொருள் இருக்கிறது. எந்நேரமும் போனை எடுப்போம் என்பது ஒன்று. ஒருவர் உங்கள் வீட்டிலேயே இரவும் பகலும் தங்குவார் என்பது இன்னொன்று. நள்ளிரவில் அழைத்தாலும் நர்ஸ் வருவார் என்பது மூன்றாவது. நிறுவனம் சொல்ல நினைத்தது முதலாவதாக இருக்கும், படிப்பவர் எடுத்துக்கொள்வது மூன்றாவதாக இருக்கும். எது உண்மையோ அதை முழு வாக்கியமாக எழுதுங்கள். கூடவே, இது அவசர மருத்துவச் சேவை இல்லை, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ என்றால் உங்கள் பகுதியின் அவசர எண்ணை அழையுங்கள் என்ற வரி படிவத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு "அப்பாவுக்கு மூச்சு வாங்குது" என்று படிவத்தில் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கட்டணப் பக்கத்தில் தொகையைப் போட முடியாத நிறுவனங்கள் உண்டு. ஆனால் கணக்கிடும் முறையைப் போடாமல் இருக்கக் காரணமே இல்லை. மணிக் கணக்கா, ஷிப்ட் கணக்கா, ஒரு வருகைக்கா. குறைந்தபட்சம் எத்தனை மணி. இரவுக்கும் விடுமுறை நாளுக்கும் வேறா. கையுறை, டயப்பர், கட்டுத்துணி யார் செலவு. முதல் நாள் மதிப்பீட்டு வருகைக்குக் கட்டணம் உண்டா. ஆள் வராத நாளுக்கு மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில். நடுவில் நிறுத்தினால் முன்பணம் என்ன ஆகும். நோட்டைப் பார்த்தால் இந்தக் கேள்விகள் எல்லாமே அதில் இருக்கும்.

படிவம் குறுகட்டும்

பதினான்கு கட்டங்கள் உள்ள படிவத்தை ஐந்தாகக் குறைக்கலாம்: பெயர், தொலைபேசி எண், பகுதி அல்லது அஞ்சல் குறியீடு, யாருக்காக, எப்போது அழைக்கலாம். நோய் விவரம் கேட்கும் பெட்டியை எடுத்துவிடுங்கள். அதைத் தொலைபேசியில் கேட்டால்தான் சரியான கேள்வியைத் தொடர்ந்து கேட்க முடியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று கனமான காரணம். படிவத்தில் எழுதியது மின்னஞ்சலாக நான்கு பேருக்குப் போகும், அவர்களின் மொபைலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், வேலையை விட்டுப் போனவரின் பெட்டியிலும் கிடக்கும். ஒருவரின் நோய் அப்படி அலையக்கூடாது. அறிவிப்பு மின்னஞ்சலில் "புதிய விசாரணை வந்துள்ளது, உள்நுழைந்து பார்க்கவும்" என்பது மட்டும் இருக்கட்டும். விவரம் கடவுச்சொல் உள்ள இடத்தில் இருக்கட்டும். எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

கட்டங்களைப் பற்றிச் சில நுணுக்கங்கள். தொலைபேசிக் கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும். பெயரையும் எண்ணையும் மொபைல் தானே நிரப்பும்படி தானியங்கு நிரப்புக் குறிப்புகளைச் சேர்க்க வேண்டும். கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனின் சஃபாரி அந்த இடத்தைப் பெரிதாக்கிவிடும். பக்கம் ஒருபுறம் நகர்ந்து அனுப்பும் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். எண்ணுக்கு நடுவில் இடைவெளி, கோடு, கூட்டல் குறி இருந்தால் பிழை காட்டக்கூடாது. அவற்றை நீக்கிக்கொள்வது சர்வரின் வேலை. ஒரு கட்டத்தில் பிழை என்றால் மற்றவற்றில் எழுதியது அழியக்கூடாது. படப்புதிர் கேப்சா வேண்டவே வேண்டாம். கண்புரை உள்ளவரிடம் மங்கலான சிக்னல் விளக்கைத் தேடச் சொல்வது கொடுமை. மனிதக் கண்ணுக்குத் தெரியாத, தானியங்கி நிரல்கள் மட்டும் நிரப்பி மாட்டிக்கொள்ளும் ஒரு பொறிக் கட்டமும், மூன்று நொடிக்குள் நிரப்பி அனுப்பப்பட்டவற்றை ஒதுக்கும் விதியும் பெரும்பாலான குப்பையைத் தடுத்துவிடும்.

அனுப்பிய பிறகு வரும் நன்றிப் பக்கத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அங்கே எழுத வேண்டியது இரண்டு: எவ்வளவு நேரத்தில் அழைப்போம், எந்த எண்ணிலிருந்து அழைப்போம். தெரியாத எண்ணைப் பலர் எடுப்பதே இல்லை. "எடுக்கவில்லை" என்று ஒருங்கிணைப்பாளர் குறித்துவைக்கும் விசாரணைகளில் ஒரு பகுதி இப்படிப் போனவைதான். எண்ணை முன்கூட்டியே காட்டி, அதைச் சேமித்துக்கொள்ளும் பொத்தானும் வைத்தால் அழைப்பு எடுக்கப்படும் வாய்ப்பு கூடும்.

வேலைக்கான படிவத்துக்கு வேறு கணக்கு. பராமரிப்பாளர் வேலை தேடுபவரிடம் கணினி இருக்காது. ரெஸ்யூமே கோப்பும் இருக்காது. அதைக் கட்டாயமாக்கினால் நல்ல ஆட்கள் பாதியில் விட்டுப் போவார்கள். பதிவு அல்லது பயிற்சி விவரம், வரக்கூடிய ஷிப்ட், பகுதி, பேசும் மொழிகள் கேட்டால் போதும். சான்றிதழை நேரில் பார்த்துக்கொள்ளலாம். ஆள் எடுத்து முடித்த விளம்பரத்தை அன்றே எடுத்துவிடுங்கள். வேலை விளம்பரத்தைத் தேடுபொறிக்குப் புரியவைக்க நிரலில் சேர்க்கும் குறியீட்டில் முடிவுத் தேதியையும் குறிப்பிடுங்கள்.

வயதான கண்ணும் நடுங்கும் விரலும்

மருத்துவத் தளங்களுக்கு இளம் பச்சைநீலம் ஒரு வழக்கமாகிவிட்டது. அதன் மேல் வெள்ளை எழுத்தில் "இப்போதே அழைக்க" என்று பொத்தான். சிவப்பு 0, பச்சை 167, நீலம் 157 என்ற கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை எழுத்துடன் அதன் மாறுபாட்டு விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, ஏறத்தாழ 3. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்டுள்ள, தளத்தை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான டபிள்யூசிஏஜி விதிகளின் இரண்டாம் படிநிலை சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5. அதே நிறக் குடும்பத்தில் 0, 115, 107 என்று இருட்டாக்கினால் விகிதம் 5.7-க்குப் போய்விடும், பிராண்டின் முகமும் மாறாது. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்துக்கு 118, 118, 118 என்பது கிட்டத்தட்ட எல்லை. 153-க்குப் போனால் விகிதம் 3-க்கும் கீழே இறங்கிவிடும். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலேயே இந்த எண்களை மேசையில் வைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் வடிவமைப்பாளரின் மனம் புண்படும், வேலையும் இரட்டிப்பாகும்.

அதே விதிகளின் 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, தொடும் இலக்கு குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. நடுங்கும் விரலுக்கு அது போதாது. 44-ஐ அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், அழைப்புப் பொத்தானுக்கு இன்னும் பெரிதாக. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் வெட்டுப்படக்கூடாது. 320 பிக்சல் அகலத்தில் பக்கவாட்டில் நகர்த்தும் தேவை வரக்கூடாது. இந்த இரண்டாவது சோதனையில்தான் மூலையில் மிதக்கும் சாட் குமிழி அழைப்புப் பொத்தானின் மேல் உட்கார்ந்திருப்பது தெரியவரும். ஒரே வரி நிரலைச் சேர்த்தால் அணுகல்தன்மை எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கப்படும் மேலடுக்குக் கருவிகளை நம்ப வேண்டாம். அடியிலுள்ள தவறான தலைப்பு வரிசையையும் பெயரில்லாத பொத்தானையும் அவை முழுமையாகச் சரிசெய்வதில்லை.

தமிழ்ப் பக்கங்களுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. 18 பிக்சல் எழுத்து, 1.6 முதல் 1.7 வரை வரி உயரம் வைத்தால் மேலே ஏறும் ஈகாரக் கொக்கியும் கீழே இறங்கும் உகரச் சுழியும் ஒன்றோடொன்று முட்டாது. தலைப்புகளில் எழுத்திடைவெளியைக் கூட்டும் ஆங்கில வழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் என்று பிரிந்து நிற்கக்கூடும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடாவிட்டால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தடுமாறும் அல்லது மௌனமாகிவிடும்.

படங்கள்

கடையில் வாங்கிய படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். நர்ஸின் காதில் ஸ்டெதாஸ்கோப் பின்னோக்கித் திரும்பியிருக்கும். காதுமுனைகள் மூக்கின் திசையில், முன்னோக்கி இருக்க வேண்டும். ரத்த அழுத்தப் பட்டையைக் கம்பளிச் சட்டையின் கைக்கு மேலேயே சுற்றியிருப்பார். பாட்டி சிரித்தபடி பேசிக்கொண்டிருப்பார், கால் மேல் கால் போட்டிருப்பார். அளக்கும்போது பேசக்கூடாது, கால்களைக் குறுக்கே போடக்கூடாது, பட்டை வெறும் கையில் சுற்றப்பட வேண்டும் என்பது எந்தச் செவிலியருக்கும் தெரியும். டிஸ்சார்ஜ் மேசையில் இருப்பவரும் ஒரு செவிலியர்தான். அவர் உங்களைப் பரிந்துரைப்பதா என்று யோசிக்கும் கணத்தில் இந்தப் படம் உங்களுக்கு எதிராகப் பேசும்.

சொந்த ஊழியர்களைப் படமெடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும். நோயாளி இருக்கும் படம் என்றால், எங்கெல்லாம் பயன்படும், எப்படித் திரும்பப் பெறலாம் என்று எழுதிய ஒப்புதல் தாள் வேண்டும். மறதிநோய் உள்ளவருக்கு, சட்டப்படி அவருக்காக முடிவெடுக்கும் உரிமை உள்ளவரிடம் கேட்க வேண்டும். ஒப்புதல் இருந்தாலும் அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தால் எடுக்காதீர்கள். படத்தின் பின்னணியைத் தனியாக ஒரு முறை பாருங்கள்: மேசையில் மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, கதவு எண், பள்ளிச் சீருடையில் பேத்தியின் படம். கோப்புக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் குறிப்பையும் நீக்கிய பிறகே ஏற்றுங்கள். வாடிக்கையாளர் கருத்துகளுக்கும் இதே எச்சரிக்கை. பொதுவெளி விமர்சனத்துக்குப் பதில் எழுதும்போது "உங்கள் அம்மாவைக் கவனித்த எங்கள் நர்ஸ்" என்று தொடங்கினாலே அந்த அம்மா உங்கள் நோயாளி என்று ஊருக்கு அறிவித்தாகிவிட்டது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதன்மைப் படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் பதில் வர வேண்டும், பக்கம் ஏறும்போது உள்ளடக்கம் இடம்மாறுவதைக் காட்டும் தள நகர்வு மதிப்பெண் 0.1-க்குள் இருக்க வேண்டும். நான்கில் மூன்று வருகைகளுக்கு இது பொருந்த வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். இந்தத் தளங்களில் குற்றவாளிகள் பெரும்பாலும் மூவர்: ஸ்லைடர், உள்பொதித்த வரைபடம், சாட் கருவி. ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே படம். வரைபடத்துக்குப் பதில் ஒரு சுட்டி. சாட் கருவியைத் தொட்ட பிறகே ஏற்றுவது. முகப்பின் முதல் படத்துக்குத் தாமத ஏற்றம் (திரைக்கு அருகே வரும்போதுதான் படத்தை ஏற்றுவது) வைக்காதீர்கள். எல்லாப் படங்களுக்கும் அதை ஒட்டுமொத்தமாகப் போடும் பிளகின்கள் செய்யும் தவறு இது.

கண்காணிப்பு நிரல்கள்

பழைய தளத்தில் யார் எப்போது சேர்த்தார்கள் என்றே தெரியாத விளம்பர பிக்சல்கள் (வருபவரைக் கண்காணிக்கும் சிறு நிரல்கள்) இருக்கும். ஒருவர் "மறதிநோய்ப் பராமரிப்பு" பக்கத்தைப் பார்த்தார், பிறகு படிவத்தை அனுப்பினார் என்ற தகவல் அவை வழியாக விளம்பர நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 9-ஆம் பிரிவு உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023-ல் இணையவழி உடல்நலச் சேவைகள் மீது இதே காரணத்துக்காக நடவடிக்கை எடுத்தது. சட்டம் எங்கே என்ன சொன்னாலும், செய்ய வேண்டியது ஒன்றுதான்: உலாவியின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு சேவைப் பக்கத்திலும் படிவத்திலும் எந்தெந்த வெளித் தளங்களுக்குக் கோரிக்கை போகிறது என்று பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்க ஆள் இல்லாததை நீக்குங்கள். திரையைப் பதிவுசெய்யும் கருவிகள் படிவப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பழைய முகவரிகளைக் காப்பாற்றுவது

அழகான புதுத் தளம் வந்து ஒரு மாதத்தில் அழைப்புகள் குறைந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பழைய தளத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரு மென்பொருளால் ஊர்ந்து முகவரிப் பட்டியல் எடுங்கள். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை எடுக்கும், சிறு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் போதும். தேடல் வருகையைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு கிடைக்கும். அதில் சொடுக்கு வாங்கிய பக்கங்களையும் சேருங்கள். ஒவ்வொரு பழைய முகவரிக்கும் எதிரே அதன் பொருளுக்கு மிக நெருக்கமான புதிய முகவரியை எழுதி, வருபவரை நிரந்தரமாக அங்கே அனுப்பும் 301 திருப்பம் வையுங்கள். சிரமம் என்று எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடும் வழக்கம் வீண். தேடுபொறி அவற்றைக் காணாமல்போன பக்கமாகவே நடத்தும், "பக்கவாத நோயாளிக்கு பிசியோதெரபி" என்று தேடி வந்தவரும் முகப்பில் நின்று குழம்புவார். திருப்பத்துக்கு மேல் திருப்பம் அடுக்காமல் ஒரே தாவலில் போக வேண்டும். குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. எடுக்காமலே விட்டுவைப்பது எங்கள் பழக்கம்.

இந்தத் துறையில் மறக்கப்படுவது பக்கங்கள் இல்லை, பிடிஎஃப் கோப்புகள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் மேசையில் உங்கள் பழைய கையேட்டின் இணைப்பைத்தான் குடும்பங்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அச்சிட்ட துண்டறிக்கை, விசிட்டிங் கார்டு, வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் ஆகியவற்றிலுள்ள க்யூஆர் குறிகளையும் ஒவ்வொன்றாக மொபைலில் காட்டிப் பார்த்து, அவை எந்த முகவரிக்குப் போகின்றன என்று அட்டவணையில் சேருங்கள்.

புதிய முகவரிகளைத் தமிழ் எழுத்தில் வைப்பதா என்ற கேள்வி வரும். யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு எழுதும்போது அது 9 எழுத்தாகிவிடும். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. அதாவது சுமார் 22 குறிகள். கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் மூன்று நான்கு சொற்களிலேயே வெட்டுப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளின் நீண்ட வரிசையாகவும் தெரியலாம். ரோமன் எழுத்தில் குறுகிய முகவரி, தலைப்பு மட்டும் தமிழில் என்பதே நடைமுறைக்கு உதவும்.

மாற்றும் நாள்

செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது. பிழை தெரிந்தால் திருத்த ஆட்களும் நாட்களும் இருக்கும். டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் ஆயுட்காலம் 86,400 நொடியாக இருந்தால், ஒரு நாளுக்கும் மேல் முன்னதாகவே அதை 300-க்குக் குறைத்துவிடுங்கள். இந்தப் பதிவுகள் இருக்கும் பெயர் சர்வரையே மாற்றுவதானால், மின்னஞ்சல் எங்கே வந்து சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவையும், அஞ்சல் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் முதலில் அங்கே எழுதிவிட வேண்டும். மறந்தால் தளம் வேலை செய்யும், நிறுவனத்தின் மின்னஞ்சல் நின்றுவிடும்.

படிவ அறிவிப்புகள் சத்தமில்லாமல் தொலைவதும் இங்கேதான். புது சர்வரின் பெயர் எஸ்பிஎஃப் பதிவில் இல்லை. அல்லது படிவம், நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநராக வைத்து அனுப்புகிறது. பெறும் சர்வர் அதைப் போலி என்று எண்ணி ஸ்பேமில் தள்ளும். அனுப்புநராக உங்கள் சொந்த டொமைன் முகவரி, பதில் முகவரியாக நிரப்பியவருடையது, அனுப்புவது அங்கீகரிக்கப்பட்ட எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் சர்வர்) வழியாக என்று வையுங்கள். பிறகு அலுவலக வைஃபையில் இல்லாத ஒரு மொபைலிலிருந்து உண்மையான சோதனை விசாரணை அனுப்பி, ஒருங்கிணைப்பாளர் திரும்ப அழைக்கும் வரை காத்திருங்கள். மின்னஞ்சல் வந்தால் மட்டும் போதாது, அழைப்பு வர வேண்டும்.

சோதனைத் தளத்தில் தேடுபொறிகளைத் தடுக்கப் போட்ட டிக், உண்மைத் தளத்துக்கும் கூடவே வந்துவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. சோதனைத் தளத்தை அந்த டிக்கால் மறைக்காமல் கடவுச்சொல்லால் பூட்டினால் இந்த விபத்துக்கே இடமில்லை. அழைப்புப் பொத்தானில் எண் நாட்டுக் குறியீட்டுடன் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்கும் மகனுக்கு அது இல்லாமல் அழைப்பு போகாது.

முதல் இரண்டு வாரம் தினமும் 404 பதிவை, அதாவது பக்கம் கிடைக்காத முகவரிகளின் பட்டியலைப் படியுங்கள். நினைத்தே பார்த்திராத பழைய முகவரிகள் அங்கே தலைகாட்டும். அன்றே திருப்பம் போடுங்கள். ஆறாவது வாரத்தில் அதே நோட்டுடன் அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, அதே நான்கு பத்திகளில் ஐம்பது அழைப்புகளை எழுதுங்கள். "எங்க ஏரியாவுக்கு வருவீங்களா" என்பது முதல் கேள்வியாக வருவது குறைந்திருந்தால் அஞ்சல் குறியீட்டுப் பெட்டி வேலை செய்கிறது. "ராத்திரிக்கு வர்றவங்க முழிச்சிருப்பாங்களா" என்று இன்னும் கேட்கிறார்கள் என்றால் அந்த வரி பக்கத்தில் கீழே கிடக்கிறது. அதை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள்.